ரஜப் பத்தொன்பதுக்குள் ரியாத்

போன மாதம், நான் வேலை பார்த்த பழைய டிக்கெட் கடைக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓர் ஆள் கையில் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"திருவனந்தபுரத்துல இருந்து ரியாத்துக்கு அஞ்சு மணி நேரம்னு போட்டிருக்கு. காலைல கெளம்பினா மத்தியானம் டூட்டிக்குப் போயிரலாம்லா?"

பிள்ளைகளும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஆமா சார், அஞ்சு மணி நேரம்தான்" என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன், பிளேன் ஒங்க வீட்டு மொட்ட மாடிக்கு வந்து ஏத்திக்கிட்டு, அங்கன கம்பெனி கேட்டுல இறக்கி விடுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆள் முறைத்தான். முறைக்கட்டும். வேலையில் இருந்தபோதே யார் முறைப்புக்கும் நான் பயந்ததில்லை.

அவன் போன பிறகு பிள்ளைகள் சிரித்தார்கள். "யக்கா, நீங்க பாத்த வேலைய எழுதிக் குடுங்களேன். எங்களுக்கு டிக்கெட் போட மட்டுந்தான் சொல்லித் தந்தாவ" என்றாள் ஒருத்தி. ஒழுங்காகக் கேட்டாள். அதனால் எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

தென்காசி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது எங்கள் பயண ஏஜென்சி. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே டிக்கெட் போட்டேன். அதற்கு முன்பு மதுரையில் ஒரு பயிற்சி. தடித்த கால அட்டவணையைப் புரட்டுவது, ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளை மனப்பாடம் செய்வது, கையால் டிக்கெட் எழுதுவது. சொல்லும்படி அங்கே வேறொன்றும் நடக்கவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது அபூபக்கர் முதலாளியிடம், அதுவும் திட்டு வாங்கித்தான்.

முதலாளி ரியாத்தில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். யார் என்ன கேட்டு வந்தாலும் பதில் சொல்ல மாட்டார். கையை நீட்டுவார். "பாஸ்போர்ட்டு." டிக்கெட் விலை கேட்க வந்தவனிடமும் அதே. பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டுவார். விசா இருக்கும் பக்கம் வந்ததும் விரலை வைத்து, அரபியை முணுமுணுத்துக்கொண்டே வலமிருந்து இடமாக நகர்த்துவார். அது முடிந்தபின் மூன்று கேள்விகள். "எந்த ஊரு? ஏர்போர்ட்டுக்கு எதுல போற? அங்கன இறங்கினா யாரு நிக்கா?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் டிக்கெட் பற்றிப் பேச்சு. கூட்டம் படிக்கட்டு வரை நின்றாலும் இது மாறாது. எனக்கு எரிச்சலாக இருக்கும். "முதலாளி, ஒரு நாள் ஒரு ஆளுக்காவது அந்தக் கேள்விய விடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். காதில் வாங்கியதில்லை.

எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால், மணிக் கணக்கில் சொல்ல மாட்டார். "காலைல சாப்பிட்டுட்டு கார் ஏறு. புளியறை தாண்டினா வளைவுல தல சுத்தும், எலுமிச்சம்பழம் வச்சுக்கோ. அசர் தொழுகை நேரத்துக்கு ஏர்போர்ட்டு. பிளேன்ல சோறு குடுப்பான், வெக்கப்பட்டு வேண்டாம்னு சொல்லாத. அங்கன இறங்கி, வரிசைல நின்னு, பெட்டி எடுத்து, ரூமுக்குப் போய் நீ படுக்கும்போது இங்கன ஒம் பொண்டாட்டி பாதித் தூக்கம் தூங்கியிருப்பா." அவருக்குப் பயண நேரம் என்றால் அதுதான்.

சவூதி நேரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் மாட்டலாம் என்று ஒருமுறை சொன்னேன். "ரெண்டரையக் கழிக்கத் தெரியாதவளுக்கு இங்கன என்ன வேலை?" என்றார். ஆனால் காலண்டர் மட்டும் இரண்டு வைத்திருந்தார். ஒன்று நம்மூர்ப் பள்ளிவாசல் காலண்டர். இன்னொன்று சவூதி காலண்டர், வருடாவருடம் யாராவது பயணி கொண்டுவந்து கொடுப்பார். அரபு மாதம் இரண்டிலும் ஒன்றுதான். தேதி மட்டும் பெரும்பாலும் ஒரு நாள் தள்ளி நிற்கும், அங்கே முந்தி, இங்கே பிந்தி. பிறை பார்ப்பது அப்படி.

வீரகேரளம்புதூரிலிருந்து ஓர் அம்மா, மகனின் டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். போகும்போது மாலை ஆறு இருபதுக்கு ஏறி எட்டு ஐம்பதுக்கு இறங்குகிறான். வரும்போது இரவு ஒன்பது ஐம்பதுக்கு ஏறி விடிகாலை ஐந்து இருபதுக்கு இறங்குகிறான். அந்தந்த ஊர் நேரம் டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும்.

"ஏட்டி, எம் பிள்ளைய ஓட்ட வண்டில ஏத்தி விடப் பாக்கியா? போறதுக்கு ரெண்டரை மணி நேரம், வாரதுக்கு ஏழரை மணி நேரமா? வரும்போது எங்க போய்ச் சுத்திட்டு வருது?"

ரெண்டு பயணமும் ஐந்து மணி நேரம்தான், அங்கே சூரியன் பிந்தி உதிக்கிறது என்று மூச்சு முட்ட விளக்கினேன். "சூரியனுக்கும் எம் மவன் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். முதலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "யம்மா, எதுக்காத்துல சைக்கிள் மிதிச்சா நேரம் ஆகாதா? அதே கததான்." அந்த அம்மா உடனே சமாதானமாகி டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொன்னது தப்புக் கணக்கு என்று அவள் போனதும் கேட்டேன். "அவளுக்குப் பயம் போச்சுல்லா? சரிக் கணக்க நீ வச்சுக்கோ" என்றார்.

இனி காதர் விஷயம்.

சாரல் காலம். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பண்பொழியிலிருந்து ரஹ்மத் என்ற பெண் வந்தாள். அவள் கணவன் காதருக்குத் தம்மாமில் வேலை. பல வருடம் ஹெல்பராகக் கிடந்து, அப்போதுதான் கிரேன் ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தான். திரும்பிப் போனதும் கிரேனில் ஏற வேண்டியவன். மறுநாள் சாயங்காலம் அவனுக்கு விமானம். எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். எங்கள் முதலாளியின் குணம் தெரிந்ததால் கணவனின் பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

முதலாளி வழக்கம்போலப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"ரஜப் மாசம் பத்தொன்பதுக்குள்ள இவன் சவூதிக்குள்ள போயிருக்கணுமே. எப்போ போறான்?"

"நாளைக்கு மாமா. நாளைக்குத்தான பத்தொன்பது? பள்ளிவாசல் காலண்டரப் பாத்துட்டு, இன்னும் ரெண்டு நாள் கூட இருக்கலாம்னு அவியளே பிளேன் கம்பெனிக்குப் போன் போட்டு டிக்கெட்டத் தள்ளி வச்சாவ."

முதலாளி எழுந்து சவூதி காலண்டர் முன்னால் போய் நின்றார். திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "ராணி, அங்க இன்னைக்கே பத்தொன்பது."

லீவில் வருபவனுக்கு அங்கிருந்து கொடுத்து அனுப்பும் அனுமதிக்கு ரீ-என்ட்ரி என்று பெயர். இப்போது அதில் ஆங்கிலத் தேதியே வந்துவிடுகிறது. நல்லது, ஒரு தலைவலி ஒழிந்தது. அப்போது அரபு மாதத் தேதிதான். அந்தத் தேதிக்குள் திரும்பாதவன் மூன்று வருடம் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. வேலை, லைசென்ஸ், எல்லாம் போகும். வேலைக்கு வைத்திருக்கும் அரபி மனசு வைத்தால் தேதியை நீட்டலாம். ஆனால் அந்தக் காலத்தில் வியாழனும் வெள்ளியும் அங்கே விடுமுறை. முதலாளி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"எங்க ஒம் மாப்பிள?"

"அருவிக்குப் போயிருக்காவ மாமா. நாளைக்குப் போறதால கடைசியா ஒரு குளி. பிள்ளையவும் கூட்டிட்டுப் போயிருக்காவ. போன வீட்லயே வச்சிட்டாவ, நனஞ்சிரும்னு."

இது எங்கள் பக்கத்து வளைகுடாக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். லீவு முழுக்க அருவிப் பக்கம் போகாதவன்கூடப் புறப்படும் முன் ஒரு தடவை குற்றாலத்தில் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் போவான். அங்கே போனால் மணல்தானே.

நான் கம்ப்யூட்டரைத் தட்டினேன். தம்மாமுக்கு வியாழக்கிழமைகளில் காலை விமானம்தான், அது போய்விட்டது. "தம்மாம விடு. சவூதிக்குள்ள எந்த ஊர்னாலும் சரி" என்றார் முதலாளி. ரியாத்துக்கு, வீரகேரளம்புதூர் அம்மா சண்டை போட்ட அதே மாலை ஆறு இருபது விமானத்தில் இடம் இருந்தது.

"ரியாத்துல எங்களுக்கு யாரு இருக்கா? கம்பெனி தம்மாம்லலா இருக்கு" என்று ரஹ்மத் அழ ஆரம்பித்தாள்.

"கம்பெனி எங்கயும் ஓடாது. முத்திரை குத்துத கவுண்டர் எங்க இருக்கோ அங்க போவணும் மொதல்ல. அழுவத நிறுத்து" என்று அதட்டினேன். அதட்டியதும் நிறுத்தினாள்.

டிக்கெட்டைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பு கவுண்டரை மூடிவிடுவார்கள். செங்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் திருவனந்தபுரம் போக, சாரலில் மூன்றரை மணி நேரம். வழியில் லாரி மறித்தால் என்று கொஞ்சம் கூட வைத்து, மதியம் ஒரு மணிக்கு அவன் செங்கோட்டையில் கார் ஏறியாக வேண்டும். முதலாளி காருக்குச் சொல்லி, ரஹ்மத்தைப் பண்பொழிக்கு அனுப்பினார், பெட்டியை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்கு வந்து நிற்கும்படி. என்னிடம், "நீ அருவிக்குப் போ. அந்தச் சத்தத்துக்கு ஒந் தொண்டைதான் சரி" என்றார்.

பேரருவியில் சரியான கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. யார் எவன் என்று தெரியவில்லை. போலீஸ்காரர் மைக்கில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"மேடம், இது காணாமப் போன பிள்ளையளுக்கு உள்ள மைக்கு."

"நானும் காணாமப் போன பிள்ளையத்தான் தேடுதேன். வயசு முப்பத்தஞ்சு."

அவர் சிரித்துக்கொண்டே மைக்கைத் தந்தார். "பண்பொழி காதர்! தம்மாம் காதர்! எங்க இருந்தாலும் ஒடனே வெளிய வா! ஒன் ரீ-என்ட்ரி இன்னைக்கோட முடியுது!" என்று கத்தினேன்.

வந்தது ஒருவன் இல்லை. ஏழெட்டுப் பேர் துண்டோடு ஓடிவந்தார்கள்.

"யக்கா, நானும் காதர்தான். கடையநல்லூரு. எனக்கும் முடியுதா?"

"நீ எந்த ஊருக்குப் போற?"

"துபாய்."

"ஒனக்கு ஒண்ணும் இல்ல, போய்க் குளி."

"நான் காதர் இல்லக்கா, ரீ-என்ட்ரினு கேட்டதும் நெஞ்சு பதறிட்டு, வந்துட்டேன்" என்றான் இன்னொருவன். எங்கள் காதர் கடைசியாக வந்தான், ஆறு வயது மகள் சபீனாவைத் தோளில் வைத்துக்கொண்டு. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னைக்குப் பதினெட்டுதானக்கா? நம்ம பள்ளில பிறை அறிவிச்சத நானே கேட்டேனே!"

"ஒங்க பள்ளி பிறைக்கு ரியாத் கவுண்டர்ல இருக்கவன் கட்டுப்படுவானாலே? அவனுக்கு அவன் காலண்டரு!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அங்கே போய் வந்தவர்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட விவாதம் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு நாள் முந்தி என்றான் ஒருவன். சில மாதம் ஒன்றாகவும் வரும் என்றான் மற்றவன். தாடி வைத்த ஒருவர் எல்லோரையும் அடக்கிவிட்டுச் சொன்னார்:

"அங்க இன்னைக்குப் பத்தொன்பதுன்னே வச்சுக்குவோம். மஃரிபோட தேதி மாறிரும்லா? பொழுது அடஞ்சா இருவது. அதுக்குள்ள இவன் ரியாத்துக்குப் போக முடியுமா? முடிஞ்சு போச்சு வே."

காதர் மகளை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை அதற்குமேல் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்னது பொய்யில்லை, அவர்கள் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போதுதான். எனக்கு அந்த விவரம் போதாது. முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அது நோன்புக்கும் தொழுகைக்கும் உள்ள கணக்கு. கவர்மெண்ட் கம்ப்யூட்டருக்கு ராத்திரி பன்னெண்டுதான் தேதி மாறும். நான் அங்க இருந்தவன். பேசாம அவன வண்டில ஏத்து" என்றார்.

மூவரும் ஆட்டோவில் செங்கோட்டைக்கு வந்தோம். கார் நின்றிருந்தது. ரஹ்மத் பாதி மூடிய பெட்டியோடு இறங்கினாள். காதர் ஈரத்துண்டின் மேலேயே பேண்ட்டை மாட்டினான். மகளிடம் குனிந்து, "வாப்பா போய்ட்டு வாரேன்" என்றான்.

"ராத்திரி இருப்பேன்னு சொன்னீய. நாளைக்குக் காலைல இன்னொரு வாட்டி அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீய" என்று அவள் தாயின் பின்னால் போய் நின்றுகொண்டாள். கையைக்கூடக் கொடுக்கவில்லை. அவன் ஏதோ சொல்லிப் புரியவைக்கப் பார்த்தான்.

"ஏலே, ஏறு. புளியறைல ஒரு லாரி மறிச்சு நின்னா எல்லாம் போச்சு" என்று நான்தான் தள்ளி ஏற்றினேன். வேறு வழியில்லை. கார் போய்விட்டது. ரஹ்மத் அழவில்லை. காலையில் நான் அதட்டியதாலோ என்னவோ.

ஐந்து மணிக்குக் காதர் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தான், உள்ளே போய்விட்டதாக. முதலாளி டீ சொன்னார். டீ வருவதற்குள் இன்னொரு போன்: விமானமே இன்னும் வரவில்லையாம். ஆறு இருபது ஏழானது, எட்டானது. முதலாளி ஒவ்வொரு தடவையும் ஐந்தைக் கூட்டி ரெண்டரையைக் கழித்து, உதட்டைப் பிதுக்கினார். ஒன்பதுக்கு விமானம் புறப்பட்டது. அங்கே இறங்கும்போது பதினொன்றரை. அதன் பிறகு வாசல் திறக்க வேண்டும், நடக்க வேண்டும், முன்னூறு பேர் வரிசையில் நிற்க வேண்டும்.

"வீட்டுக்குப் போ ராணி. நாம கீழ இருந்து தள்ளவா முடியும்?" என்று ஷட்டரை இழுத்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"யக்கா, குத்திட்டான்க்கா! முத்திரை குத்திட்டான்!"

விமானம் தரையைத் தொட்டதுமே பக்கத்து இருக்கைக்காரனிடம் சொல்லியிருக்கிறான். அவன் முன்னால் இருந்தவனிடம் சொல்ல, வாசல் திறப்பதற்குள் விஷயம் முன்வரிசை வரை போய்விட்டது. எல்லோரும் நம்மூர்க்காரர்களும் மலையாளிகளும். வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு நாள் ஆன அலுப்பில், யார் முந்துவது என்று அடித்துக்கொள்ளும் கூட்டம் அது. நான் எத்தனையோ முறை அதைத் திட்டியிருக்கிறேன். அன்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். ரீ-என்ட்ரி என்ற ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. "நீ போ மோனே, ஓடு" என்று தோளில் கைவைத்து ஆள் ஆளாக முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கவுண்டர்க்காரன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே குத்தினான்.

"இங்க இருந்து தம்மாம் எவ்வளவு தூரம்க்கா?"

"நானூறு கிலோமீட்டர். பஸ்ஸுல போ. வீட்டுக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். பிள்ளதான் பேச மாட்டேங்கா. போனக் குடுத்தா ஓடிப் போயிருதாளாம்."

ஞாயிற்றுக்கிழமை நான் காலை ஆராதனை முடிந்ததும் பண்பொழிக்குப் பஸ் ஏறினேன். ரஹ்மத்தையும் சபீனாவையும் கிளப்பிக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். எனக்குக் கூட்டம் ஆகாது. ஐந்து கிலோமீட்டரில் அருவியை வைத்துக்கொண்டு, வருடக்கணக்காக நான் குளித்ததில்லை. பெண்கள் பகுதியில் இடித்துப் பிடித்து, வரிசையில் புகுந்த ஒருத்தியைச் சண்டைபோட்டு வெளியேற்றி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன். தலையில் அப்படி விழும்போது யாரும் யாரையும் திட்ட முடியாது. நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டியதும் சபீனா தானாகவே, "போனக் குடும்மா" என்றாள். ரஹ்மத் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

"வாப்பா, நான் பெரிய அருவில குளிச்சுட்டேன். ராணி அக்கா கூட. நீங்க வந்தா நான் ஒங்களக் கூட்டிட்டுப் போறேன். ஆனா முந்தின நாளே கெளம்பி ஓடக் கூடாது, கேட்டியளா?"

அங்கிருந்து அவன் என்ன சொன்னானோ, அவள் "சத்தியமா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தாள். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. ரஹ்மத் எனக்குச் சோறு போட்டாள்.